கையடக்க ராமன் கருவி: எல்லாம் பாஸ், செல்லுலோஸ் மட்டும் மக்கர் பண்ணுவது ஏன்?

மாத்திரைமகள் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மாத்திரை தயாரிக்கும் கம்பெனியில் க்யூ.சி. (தரக் கட்டுப்பாடு) பிரிவில் வேலை பார்க்கிறேன். மூலப்பொருள் சோதனை என் பொறுப்பு.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி இருப்பதால், வந்திறங்கும் ஒவ்வொரு டிரம்மிலும் லேபிளில் போட்ட பொருள்தான் இருக்கிறது என்று நாங்கள் உறுதிசெய்ய வேண்டும். லோடு பெரிதாக வந்துவிட்டால் அவ்வளவுதான். ஒவ்வொரு டிரம்மையும் சாம்பிளிங் பூத்துக்கு உருட்டி, திறந்து, மாதிரி எடுத்து, லேபிள் ஒட்டி, லேபுக்கு அனுப்பி, எஃப்.டி.ஐ.ஆரில் (அகச்சிவப்பு ஒளியால் பொருளை அடையாளம் காணும் லேப் கருவி) வைத்து ரிப்போர்ட் போடுவதற்குள் புரொடக்‌ஷனிலிருந்து போன் மேல் போன் வரும். இதைக் குறைக்கத்தான், லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியில் தெரியும் கோடுகளை வைத்துப் பொருளை அடையாளம் சொல்லும் கையடக்க ராமன் கருவி வாங்கலாம் என்று மேலிடத்தில் முடிவு செய்திருக்கிறார்கள்.

போன வாரம் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து டெமோ காட்டினார். பாலித்தீன் பையைத் திறக்காமலே முனையை மேலே அழுத்தி பட்டனைத் தட்டினார். பாராசிட்டமால் சில நொடிகளில் பாஸ். ஆஸ்பிரின், சிட்ரிக் அமிலம், கால்சியம் கார்பனேட் எல்லாம் அதே வேகத்தில் பாஸ். அசந்துபோனேன். அப்புறம் மாத்திரையில் நிரப்பியாகப் போடும் மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் பையை நானே எடுத்துக் கொடுத்தேன். திரையில் கோடுகளே இல்லை, ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் சரியும் மேடு மட்டும்தான். ரொம்ப நேரம் ஓடிவிட்டு, முடிவு சொல்ல முடியவில்லை என்று காட்டியது. "இந்த லாட்டில் ஏதோ கோளாறு மேடம்" என்றார் அவர். அதே லாட் எஃப்.டி.ஐ.ஆரில் சுத்தமாகப் பாஸ் ஆன லாட்.

நான் எம்.எஸ்ஸி. படித்தபோது பார்த்த ராமன் கருவி ஒரு அறையையே அடைத்துக்கொண்டிருந்தது. அது எப்படி இவ்வளவு சிறிதானது? சிறிதாக்கும்போது எதையாவது விட்டுவிட்டார்களா, அதனால்தான் செல்லுலோஸ் தெரியவில்லையா? இதில் லேசர் 785 நானோமீட்டர். 1064 என்று இன்னொரு வகை இருக்கிறதாம், விலை நிறையக் கூடுதல். அந்தக் காசுக்குத் தகுமா? வாங்கும் முன் நான் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

---

கெமிஸ்ட்_குமரன்

செட்டிங்ஸில் போய் லேசர் பவரை ஏற்றிப் பாருங்கள் மேடம், எக்ஸ்போஷர் நேரத்தையும் கூட்டுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

---

பழைய சர்வீஸ்காரர்

சகோதரி, உங்கள் லாட்டில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் பார்த்த மேடு ஃபுளோரசன்ஸ், அதாவது ஒளிர்வு. மரக்கூழிலிருந்து வரும் பொருள் என்பதால், செல்லுலோஸில் ஒளிரக்கூடிய ஏதாவது துளியளவு ஒட்டிக்கொண்டே வரும். குமரன் தம்பி சொன்னபடி பவரை இரண்டு மடங்காக்கினால் ராமனும் இரண்டு மடங்காகும், கூடவே ஒளிர்வும் இரண்டு மடங்காகும். நேரத்தைக் கூட்டினால் பலன் உண்டு, ஆனால் நான்கு மடங்கு நேரம் கொடுத்தால் தெளிவு இரண்டு மடங்குதான் கூடும். டிரம்மை வரிசையாக வைத்துக்கொண்டு நிற்கிறவருக்கு அது கட்டுப்படியாகாது.

ராமன் கருவிகளை நிறுவுவதும் பழுது பார்ப்பதுமாகவே என் வேலைக்காலம் முழுக்கப் போனது. அதனால் "எப்படிச் சிறிதானது" என்ற உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன். செல்லுலோஸ் ஏன் தெரியவில்லை என்பதும் அதற்குள்தான் வருகிறது.

பொருளில் பட்டுச் சிதறும் ஒளித்துகள்களில் ஏறக்குறைய ஒரு கோடியில் ஒன்றுதான் நிறம் மாறி வருகிறது. நமக்கு வேண்டிய ராமன் ஒளி அதுதான். மீதி எல்லாம் லேசரின் அதே நிறத்தில் திரும்பி வரும். கோயில் திருவிழா ஒலிபெருக்கியின் கீழே நின்றுகொண்டு, பக்கத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்கிற மாதிரியான வேலை இது. லேசரின் நிறத்தை அடக்க வேண்டும், மிஞ்சும் சொற்ப ஒளியைச் சிந்தாமல் பிடிக்க வேண்டும். ராமன் கருவியின் பொறியியல் முழுவதும் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

கருவி சிறிதானதற்கு யாரைக் கேட்டாலும் லேசரைக் காரணம் சொல்வார்கள். நான் ஃபில்டரைத்தான் சொல்வேன்.

1928இல் கல்கத்தா பவ்பஜார் தெருவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் முதலில் பயன்படுத்தியது சூரிய ஒளி. உள்ளே போகும் வழியில் நீல ஊதா ஃபில்டர், பார்க்கும் பக்கத்தில் அந்த நிறத்தை முழுக்கத் தடுக்கும் பச்சை ஃபில்டர். இரண்டையும் சேர்த்து வைத்தால் எதுவும் தெரியக்கூடாது. ஆனாலும் திரவத்தின் வழியாக மங்கலாக ஒரு பாதை தெரிந்தது. நிறம் மாறிய ஒளி இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அதற்குப் பிறகுதான் பாதரச விளக்கு, ஹில்கர் கம்பெனியின் சின்ன குவார்ட்ஸ் நிறமாலைமானி, புகைப்படத் தகடு எல்லாம். வரலாற்றின் முதல் ராமன் கருவி ஒரு சின்ன மேசைக்குள் அடங்கக்கூடியதுதான். என்ன, ஒரு தகட்டில் கோடு விழ மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பெரிதானது பிறகுதான். 1962இல் பெல் ஆய்வுக்கூடத்தில் போர்ட்டோவும் வுட்டும் ரூபி லேசரை வைத்து ராமன் நிறமாலை எடுத்தார்கள். பின்னால் ஆர்கான் லேசர் வந்து நிலைத்தது. ஒளி தாராளமாகக் கிடைத்தது, ஆனால் லேசர் நிறத்தை ஒதுக்க நல்ல ஃபில்டர் அப்போது கிடையாது. ஒரு கிரேட்டிங் (ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நுண்வரித் தகடு) வைத்த மோனோகுரோமேட்டரில், அதாவது ஒரு நிறத்தை மட்டும் பிரித்தெடுக்கும் பெட்டியில், லேசர் ஒளி உள்ளுக்குள்ளேயே சிதறி ராமன் கோடுகளை மூழ்கடித்துவிடும். அதனால் ஒன்றின் பின்னால் இன்னொன்று என்று இரண்டு மோனோகுரோமேட்டர்கள், சில கருவிகளில் மூன்று. ஒவ்வொன்றிலும் கண்ணாடிகள், கிரேட்டிங், பிளவு. ஒளி ஒவ்வொரு கண்ணாடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டே போகும். அப்படியே வந்து சேர்ந்தாலும், கடைசிப் பிளவு வழியாக ஒரு நேரத்தில் ஒரே நிறம்தான் ஒளியை எண்ணும் ஃபோட்டோமல்டிபிளையர் குழாய்க்குள் நுழையும். மற்ற நிறமெல்லாம் சுவரில் பட்டு வீணாகும். நீங்கள் எம்.எஸ்ஸி.யில் பார்த்தது அநேகமாக இந்த வகையாகத்தான் இருக்கும்.

அந்தக் கருவிகளில் நான் நிறைய நாள் உட்கார்ந்திருக்கிறேன். லேசருக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டும், குளிர்விக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரின் அழுத்தம் குறைந்தால் லேசர் தானே அணைந்துவிடும், அன்றைய வேலை போச்சு. அலைன்மென்ட் பார்க்க எங்களுக்குக் கை கொடுத்தது கார்பன் டெட்ராகுளோரைடு. மெல்லிய கண்ணாடிக் குழாயில் அதை நிரப்பி, 488 நானோமீட்டர் நீலக் கற்றையை அதன் நடுவே செலுத்தி, அறை விளக்கை அணைத்துவிட்டு, அந்த நீலக் கோட்டின் பிம்பம் பிளவின் மேல் நேராக விழுகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்போம். மயிரிழை விலகினாலும் சிக்னல் பாதியாகிவிடும். 459ஆம் அலையெண் (லேசரின் நிறத்திலிருந்து ராமன் கோடு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண்) கோட்டில் நிறுத்திக்கொண்டு, ரீடிங் உச்சத்துக்கு வரும்வரை திருகைத் துளித்துளியாகத் திருப்ப வேண்டும். பிறகு பேனா சார்ட் தாளில் மெதுவாக ஊர்ந்து வரையும். ஒரு நிறமாலை முடிய அரை மணியோ ஒரு மணியோ ஆகும்.

1990களின் தொடக்கத்தில் ஹோலோகிராபிக் நாட்ச் ஃபில்டர் வந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி வில்லை. லேசரின் ஒரு நிறத்தை மட்டும் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டு, மற்றதில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடும். முதல் தடவை ஒன்றை ஸ்பெக்ட்ரோகிராஃபின் வாயில் பொருத்தி மெல்லச் சாய்த்தது நினைவிருக்கிறது. ஏதோ ஒரு கோணத்தில் லேசர் கோடு சட்டென்று காணாமல் போனது, பக்கத்திலேயே ராமன் கோடுகள் நிமிர்ந்து நின்றன. இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் இரட்டை மோனோகுரோமேட்டர் செய்த காரியத்தை அந்த வில்லை செய்தது. ஆரம்பகால ஃபில்டர்கள் ஜெலட்டின் படலத்தில் பதித்தவை, நாளாக நாளாகக் கெடும். இப்போது வருகிறவை கண்ணாடி மேல் நூற்றுக்கணக்கில் கடினப் படலங்களை அடுக்கிச் செய்த எட்ஜ் ஃபில்டர்கள், லேசில் கெடுவதில்லை.

அதே காலத்தில் ஒளியைப் பதிவுசெய்யும் சிலிக்கான் சிப்பான சி.சி.டி.யும் ஆய்வகத்துக்கு வந்துவிட்டது. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பாய்லும் ஸ்மித்தும் உருவாக்கியது அது, 2009இல் நோபல் பரிசு பெற்றது. பிளவு வழியாக ஒவ்வொரு நிறமாக எண்ணும் வேலை போய், நிறமாலை முழுவதும் ஒரே நேரத்தில் பதிவானது. ஃபில்டர் இல்லாவிட்டால் சி.சி.டி.யின் மேல் லேசர் வழிந்து எல்லாவற்றையும் அழித்துவிடும். சி.சி.டி. இல்லாவிட்டால் ஃபில்டர் மட்டும் கருவியை வேகப்படுத்தாது. இரண்டும் சேர்ந்தபோதுதான் ஒரு லேசர், ஒரு ஃபில்டர், ஒரு கிரேட்டிங், ஒரு சிப் என்ற அளவுக்குக் கருவி சுருங்கியது.

கடைசியாக டயோட் லேசர். இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. சாதாரண டயோட் லேசரின் நிறம் வெப்பத்தோடு நகரும், ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.3 நானோமீட்டர். 785இல் அது ஏறக்குறைய 5 அலையெண் விலகல். கோடை மதியம் ஏ.சி. இல்லாத கிடங்கில் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் எல்லாக் கோடும் இடம் மாறிவிடும், லைப்ரரியோடு ஒன்றும் பொருந்தாது. இதைத் தடுக்க, உள்ளேயே பிராக் கிரேட்டிங் பதித்த சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை லேசரின் முன்னால் வைத்து நிறத்தை அசையாமல் பிடித்துவைக்கிறார்கள். கருவியின் வெளித்தோற்றத்தில் இது தெரியாது. நல்ல கருவியையும் மலிவுக் கருவியையும் பிரிப்பது பல நேரம் இந்தத் துண்டுதான்.

சரி, சிறிதாக்கும்போது எதை விட்டார்கள்? செல்லுலோஸை மறைத்தது சுருக்கியதால் வந்த குறை அல்ல. 785 லேசர் போட்ட பெரிய மேசைக் கருவியிலும் அதே மேடு வரும். ஆனால் வேறொன்றைப் பாருங்கள். 785 லேசரில் 3200 அலையெண் கோடு விழும் இடம் 1048 நானோமீட்டர். அந்த இடத்தில் சிலிக்கான் சிப்புக்கு ஏறக்குறையக் கண் தெரியாது. அதனால் இந்த வகைக் கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் கார்பன் ஹைட்ரஜன் கோடுகள் வரும் 2800க்கு முன்பே நின்றுவிடும். மூலப்பொருளை அடையாளம் காண அதற்குக் கீழே உள்ள பகுதியே பெரும்பாலும் போதும்.

இப்போது 1064. லேசரின் அலைநீளம் கூடக் கூட ஒளித்துகளின் ஆற்றல் குறையும், ஒளிர்வைத் தூண்டும் வாய்ப்பும் குறையும். 1986இலேயே ஹிர்ஷ்ஃபெல்டும் சேஸும் எஃப்.டி. ராமன் என்ற வகைக் கருவியில் 1064 லேசரை வைத்து இதைக் காட்டினார்கள். ஆனால் ராமன் ஒளியின் வலிமை அலைநீளத்தின் நான்காம் மடிக்கு எதிராகக் குறைகிறது. 785இலிருந்து 1064க்குப் போனால் சிக்னல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். சிலிக்கானும் வேலை செய்யாது, இன்டியம் காலியம் ஆர்சனைடு சிப் வேண்டும். அது விலை கூடியது, இரைச்சலும் கூடியது, குளிர்வித்துத்தான் வைக்க வேண்டும். உங்கள் கூடுதல் பணம் போவது அங்கேதான்.

தகுமா என்றால், உங்கள் மூலப்பொருள் பட்டியலைப் பொறுத்தது. பெரும்பாலும் வெள்ளையான செயற்கை மருந்துப்பொருள் என்றால் 785 போதும், வேகமும் அதிகம். செல்லுலோஸ், ஸ்டார்ச், பசை வகைகள், மூலிகைச் சாறு என்று தாவரத்திலிருந்து வருபவை அதிகம் என்றால் 1064 வாங்குங்கள், பிறகு வருந்த மாட்டீர்கள்.

டெமோவுக்கு அவர்கள் கொண்டுவரும் பாராசிட்டமாலை விடுங்கள், அது எந்தக் கருவியிலும் அழகாக வரும். உங்களிடம் இருப்பதிலேயே மோசமானவற்றை எடுத்து வையுங்கள், செல்லுலோஸை வெவ்வேறு சப்ளையரிடமிருந்து எடுங்கள். சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு இரண்டும் பட்டியலில் இருந்தால் இப்போதே தனியாகப் பிரித்துவிடுங்கள். அந்தப் படிக அமைப்புக்கு ராமன் கோடே கிடையாது, எவ்வளவு விலை கொடுத்த கருவியும் காட்டாது. மெக்னீசியம் ஸ்டியரேட்டையும் கால்சியம் ஸ்டியரேட்டையும் பிரிக்கிறதா என்று கேளுங்கள், அங்கே பல கருவிகள் திணறும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, தப்பான பொருளை வைத்துப் பாருங்கள். செல்லுலோஸ் மெத்தடைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ச்சைக் காட்டுங்கள். ஃபெயில் என்று வர வேண்டும். ஒற்றுமை எண் 0.95க்கு மேல் என்றால் பாஸ் என்று வைத்திருக்கும் மென்பொருளில், உறவுக்காரச் சேர்மங்கள் சத்தமில்லாமல் பாஸ் ஆகிவிடும். டிரம்முக்கு டிரம் சோதிப்பதே அந்த ஒரு தப்பான டிரம்மைப் பிடிக்கத்தான். சரியான பொருளுக்கு எத்தனை பாஸ் கொடுத்தாலும், அதைப் பிடிக்காத கருவியால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை.

---

ஆராய்ச்சி_மாணவி

ஐயா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். பாலித்தீன் பை தடிமனாகவோ வெள்ளை நிறமாகவோ இருந்தால் பையின் கோடுகளே (1062, 1129, 1295, 1440) மேலே ஏறி வரும். அதற்கு எஸ்.ஓ.ஆர்.எஸ். என்ற முறை இருக்கிறது. லேசர் படும் இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி ஒளியைச் சேகரித்தால், மேற்பரப்பிலிருந்து வருவது குறைந்து, ஆழத்திலிருந்து வருவது அதிகமாகும். இரண்டு இடத்திலும் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் உள்ளே இருப்பது தெரியும். இங்கிலாந்தின் ரூதர்ஃபோர்ட் ஆப்பிள்டன் ஆய்வகத்தில் பாவெல் மாட்டூசெக் குழு 2005இல் வெளியிட்டது. விமான நிலையத்தில் பாட்டிலைத் திறக்காமலே உள்ளே என்ன திரவம் என்று பார்க்கும் கருவி இதிலிருந்துதான் வந்தது. இப்போது கையடக்க வடிவிலும் கிடைக்கிறது, காகிதச் சாக்கு வழியாகக்கூடப் பார்க்கலாம். உங்கள் பொருள்கள் சாக்கில் வருமென்றால் இதையும் டெமோ கேளுங்கள் அக்கா.

ஒளிர்விலிருந்து தப்ப எதிர்த்திசையிலும் போகலாம். செவ்வாயில் 2021இல் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் ஷெர்லாக் கருவி 248.6 நானோமீட்டர் ஆழ்புறஊதா லேசரைப் பயன்படுத்துகிறது. ராமன் கோடுகள் லேசருக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும், ஒளிர்வு அதற்கு அப்பால்தான் தொடங்கும். ஒன்றன்மேல் ஒன்று விழாது. கிடங்குக்குச் சரிப்படாது, ஆனால் யோசனை அருமை.

---

கெமிஸ்ட்_குமரன்

பவரை ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஏறும் என்பது புரிந்தது சார். நன்றி. எங்கள் லேபிலும் இதே கதைதான் ஓடுகிறது, ஸ்டார்ச்சில்.

---

மாத்திரைமகள்

ஐயாவுக்கும் மாணவித் தங்கைக்கும் மிக்க நன்றி. பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் தாவரப் பொருள்கள்தான். வேறொரு விற்பனையாளரிடம் 1064 டெமோ கேட்டு வாங்கினேன். அதே செல்லுலோஸ் லாட், அதே பை. கொஞ்ச நேரம் எடுத்தது, ஆனால் 380இலும் 1095இலும் கோடு தெளிவாக நின்றது. லேப் பையன்கள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். நீங்கள் சொன்னபடி ஸ்டார்ச்சையும் வைத்தேன், ஃபெயில் வந்தது. ஸ்டியரேட் இரண்டையும் அது பிரிக்கவில்லை, அவற்றை லேபிலேயே வைத்துக்கொள்கிறோம்.

ஒரே ஒரு சந்தேகம். மாத்திரைப் பூச்சுக்கு அயர்ன் ஆக்சைடு சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றும் வாங்குகிறோம். அவற்றையும் இந்தக் கருவியில் சேர்க்கலாமா? விற்பனையாளர் தாராளமாகச் செய்யலாம் என்கிறார்.

---

பழைய சர்வீஸ்காரர்

380, 1095 என்று படித்ததும் மனசு நிறைந்தது. அவை செல்லுலோஸின் கோடுகளேதான்.

கறுப்பைச் சேர்க்கவே வேண்டாம். 1064 கருவி பலவீனமான சிக்னலை ஈடுகட்ட லேசர் பவரைக் கூட்டித்தான் வைத்திருக்கும். கறுப்புப் பொடி அந்த ஒளியை அப்படியே விழுங்கிச் சூடாகும். கறுப்பு அயர்ன் ஆக்சைடான மேக்னடைட், சூட்டில் சிவப்பு ஆக்சைடான ஹெமடைட்டாக மாறக்கூடியது. நீங்கள் வைத்தது ஒன்று, நிறமாலையில் வருவது இன்னொன்று என்று ஆகிவிடும். பாலித்தீன் பை வழியாக என்றால் பையும் உருகி ஓட்டையாகும். சிவப்பையும் மஞ்சளையும் குறைந்த பவரில், கண்ணாடிக் குப்பியில் போட்டுச் சோதித்துப் பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு தடவை எடுத்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் சேருங்கள். கறுப்புக்கு அமிலத்தில் கரைத்துச் செய்யும் இரும்புச் சோதனையே இருக்கட்டும்.

கருவி வந்ததும் தினமும் காலையில் பாலிஸ்டைரீன் வைத்து 1001 கோடு சரியான இடத்தில் நிற்கிறதா பாருங்கள். லேபில் ஒரு தடவை, கிடங்கில் டிரம் பக்கத்தில் நின்று ஒரு தடவை. இரண்டு ரீடிங்கையும் லாக் புக்கில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வையுங்கள். கோடை வந்ததும் இரண்டும் விலக ஆரம்பித்தால் உடனே சர்வீஸைக் கூப்பிடுங்கள், வாரண்டி முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.